மேடைக்கும் திரைக்கும் நாவலுக்கும் எழுதுதல்: கொழும்பின் இளம் நாடகாசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் தமிழில் நாடகம் எழுதத் தொடங்குபவர்களிடம், ஓரிரு மேடையேற்றங்கள் கவனிக்கப்பட்டவுடனேயே, குறும்படத்துக்குக் கதைவசனம் எழுதித் தரும்படியோ, அதே கதையை நாவலாக்கும்படியோ யாராவது கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் நிற்பவர்கள் எழுத்துப் பட்டறைகளிலும் ஒத்திகை இடைவேளைகளிலும் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த அளவில் இங்கே விடை எழுதியிருக்கிறேன். மூன்று துறைகளிலும் எழுதலாம், எழுதவும் வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஆனால் கால் ஊன்றும் இடம் மேடையாக இருக்கட்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாடகாசிரியர் ஒருவரே படத்துக்கும் எழுதி நாவலும் எழுதுவது நம்மிடையே புதிய வழக்கமா?

இல்லை. கொழும்பின் தமிழ் எழுத்துலகில் ஒரு துறையோடு நின்றவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். அ. ந. கந்தசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். 'மனக்கண்' என்ற நாவலைத் தினகரனில் தொடராக எழுதிய அவரே 'மதமாற்றம்' என்ற நாடகத்தையும் எழுதினார். அது 1967இல் கொழும்பில் மேடையேறி விவாதத்தைக் கிளப்பியது. பின்னர் 'மனக்கண்' நாவலைச் சில்லையூர் செல்வராசன் வானொலி நாடகமாக்கினார். அந்தச் செல்வராசனோ கவிஞர், நடிகர், ஈழத்துத் தமிழ் நாவலின் வளர்ச்சியைப் பற்றி நூல் எழுதிய ஆய்வாளர். 'தணியாத தாகம்' என்ற திரைப்படச் சுவடியை எழுதி நூலாக வெளியிட்டவர். அந்தச் சுவடி படமாகவில்லை. வானொலி நாடகமாகி வீடுதோறும் கேட்கப்பட்டது. படத்துக்கென எழுதப்பட்டது காதுக்கு வந்து சேர்ந்த இந்தக் கதையை, எழுதத் தொடங்கும் எவரும் மனத்தில் வைத்திருப்பது நல்லது. தயாரிப்பாளர் கிடைக்காத பிரதி இறந்த பிரதி ஆகிவிடுவதில்லை.

காவலூர் இராசதுரை சிறுகதையாளராகவும் வானொலிக்காரராகவும் இருந்து, தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' படத்துக்கு 1977இல் எழுதினார். அதற்கு ஓராண்டு முன்னர் வந்த 'கோமாளிகள்' படம், எஸ். ராம்தாஸின் நகைச்சுவை வானொலித் தொடரிலிருந்து பிறந்தது. இவர்கள் எல்லோருக்கும் முன்பே, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை மேடைக்கு நாடகங்களும் வாசகருக்கு நாவல்களும் எழுதியிருந்தார்.

சிங்களத்திலும் இதே நிலைதான். 1956இல் லயனல் வென்ட் அரங்கில் 'மனமே' நாடகத்தை அரங்கேற்றிய எதிரிவீர சரச்சந்திர நாவலாசிரியரும் ஆவார். சைமன் நவகத்தேகம நாடகங்களோடு நாவல்களும் எழுதினார். அவருடைய நாவலொன்று 1985இல் தர்மசிறி பண்டாரநாயக்கவின் 'சுத்திலாகே கதாவ' படமாயிற்று. அதை இயக்கிய பண்டாரநாயக்கவும் நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவரே. ஒரே நகரத்தில், சில மைல் தூரத்துக்குள், இரு மொழிக்காரரும் இதே பாதையில் நடந்திருக்கிறார்கள் என்பது நம் இளைஞர்களுக்குப் போதிய அளவு தெரிவிக்கப்படவில்லை என்ற கவலை எனக்கு உண்டு.

மூன்றில் எதிலிருந்து தொடங்குவது?

நாடகத்திலிருந்து. நாவல் எழுதியவருக்கு அது எங்கே தொய்கிறது என்பதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. வாசகர் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார், அவ்வளவுதான். படத்திலோ தொய்வைத் தொகுப்பாளர் வெட்டி எறிந்துவிடுகிறார், எழுதியவர் கற்றுக்கொள்வதில்லை. மேடையில் மட்டும், தொய்வான வசனம் வரும் அதே கணத்தில் பார்வையாளர்கள் கதிரையில் அசையத் தொடங்குவதும் இருமுவதும் எழுதியவரின் காதில் விழுகிறது. பின்வரிசையில் உட்கார்ந்து தம் நாடகத்தை மூன்று இரவுகள் கேட்டவருக்கு, எந்த இடத்தில் ஒரு வரி மிகை என்பது எந்தப் பாடப்புத்தகத்தையும் விடத் தெளிவாகத் தெரிந்துவிடும்.

வானொலியும் நல்ல பள்ளிக்கூடமே. காட்சியும் ஒளியும் உடையும் இல்லாத இடத்தில், யார் வந்தார், எங்கே நிற்கிறார், மழை பெய்கிறதா என்பதையெல்லாம் குரலாலும் ஓசையாலும் உணர்த்தப் பழகியவர், பிறகு எந்த வடிவத்துக்குப் போனாலும் சொல்லை வீணாக்கமாட்டார். சானா என்று அறியப்பட்ட எஸ். சண்முகநாதன் இலங்கை வானொலியின் நாடகப் பிரிவை நடத்திய காலத்தில், அங்கே எழுதியும் நடித்தும் தேர்ந்தவர்கள் பின்னர் மேடையிலும் திரையிலும் நின்றதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரே கதையை நாடகமாகவும் படமாகவும் நாவலாகவும் எழுதலாமா? ஒன்றை எழுதியபின் மற்றவை எளிதாகிவிடுமா?

எழுதலாம், எளிதாகாது. கதையின் நிகழ்ச்சிகள் மூன்றிலும் ஒன்றாக இருக்கலாம், ஆனால் சொல்லாமல் விடப்படுவதை யார் நிரப்புகிறார் என்பது வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது. மேடையில் அதை நடிகர் நிரப்புகிறார், திரையில் கெமரா நிரப்புகிறது, நாவலில் வாசகர் நிரப்புகிறார். இந்த மாற்றத்தை உணராமல் வசனங்களை அப்படியே பெயர்த்து வைப்பதனால்தான் நல்ல நாடகங்கள் மோசமான படங்களாகின்றன.

எடுத்துக்காட்டாக, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறை. வெளிநாட்டில் இருக்கும் தந்தையிடம் போவதற்காக ஒரு தாயும் மகளும் மாதக்கணக்கில் அங்கே காத்திருக்கிறார்கள். காலம் போர்க்காலம். நம்மில் பலருக்கு இது பழகிய நிலைமை என்பதால் அதிகம் விளக்கத் தேவையில்லை.

மேடைக்கு அந்த அறை ஒன்றே போதும். இரண்டு கட்டில், ஒரு சூட்கேஸ், ஒரு கதவு. கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் இருவரும் பேச்சை நிறுத்துகிறார்கள். தேநீர் கொண்டுவரும் பையனா, பொலிஸா என்று தெரியும் வரையிலான அந்த மௌனத்தைத் தாயாக நடிப்பவர் தன் முதுகாலேயே நடித்துவிடுவார். பொலிஸ் மேடைக்கு வரவே வேண்டியதில்லை. கடைசி வரை வராமல் இருந்தால் இன்னும் நல்லது. அச்சம் முழுவதும் பேச்சின் நடுவே அறுபடும் இடங்களில் இருக்கிறது, ஆகையால் எழுதுபவர் அந்த அறுபடுதல்களைத்தான் எண்ணி எண்ணி வைக்க வேண்டும்.

திரைக்கு அதே கதையை எழுதும்போது, பணம் கரைவதைப் பற்றித் தாயும் மகளும் பேசும் நீண்ட காட்சி தேவையற்றதாகிறது. முதற் காட்சியில் தாயின் கையில் நான்கு காப்புகள், பின்னர் இரண்டு, பிறகு வெறுங்கை. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். நீண்ட நடைவழி, கதவுகளுக்கு வெளியே கழற்றி விடப்பட்ட செருப்புகள், கீழே வரவேற்பு மேசைத் தொலைபேசியின் முன் நிற்கும் வரிசை என, அறைக்கு வெளியே உள்ள உலகம் முழுவதும் இப்போது எழுத்தாளரின் கையில் இருக்கிறது. மேடையில் வராத பொலிஸ், திரையில் மாடிப்படியில் ஏறும் காலணி ஓசையாக வரலாம். நாடகாசிரியர்கள் திரைக்கதையில் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: காட்டக்கூடியதையும் பேச வைத்துவிடுகிறார்கள்.

நாவலில் அறையும் வேண்டாம், நடைவழியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே கிடைக்கும் பெரிய வசதி காலம். "அந்த ஆண்டு முழுவதும் இப்படியே கழிந்தது" என்று ஒரே வாக்கியத்தில் கடந்துபோகவும், ஒரு தொலைபேசி அழைப்பின் மூன்று நிமிடங்களுக்கு முப்பது பக்கம் கொடுக்கவும் நாவலாசிரியரால் முடியும். கணவன் உண்மையிலேயே தங்களை அழைக்க விரும்புகிறானா என்று தாய் ஒருபோதும் வாய்விட்டுக் கேட்கமாட்டாள். மேடையில் அந்தக் கேள்வியை நடிகை தன் தயக்கத்தால் மட்டுமே உணர்த்தலாம். நாவலில் அவள் அதை எத்தனை விதமாகக் கேட்டுப் பார்த்து அழித்தாள் என்பதே கதையாகிவிடலாம். நாடகத்திலிருந்து வருபவர்கள் எழுதும் முதல் நாவலில், ஒவ்வோர் அத்தியாயமும் ஒருவர் உள்ளே வருவதில் தொடங்கி ஒருவர் வெளியே போவதில் முடிவதைக் கவனித்திருக்கிறேன். அது மேடைப் பழக்கம், கவனித்து விலக்கிக்கொள்ளலாம்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. சில ஆண்டுகள் திரைக்கு எழுதிவிட்டு மேடைக்குத் திரும்புபவர்கள், விளக்கை அணைத்து அணைத்து ஏற்றும் இருபது குறுங்காட்சிகளாக நாடகத்தைத் துண்டாக்கிவிடுகிறார்கள். இருட்டில் கதிரை நகர்த்தும் சத்தம் நாடகத்தின் பாதி நேரத்தைத் தின்றுவிடும்.

வசனத்தில் எந்தத் தமிழை எழுதுவது?

கொழும்பு எழுத்தாளருக்கு இது மற்ற ஊர் எழுத்தாளரை விடக் கடினமான கேள்வி. வெள்ளவத்தையில் ஒரே மாடிக்குடியிருப்பில் யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் முஸ்லிம்களும், தலைமுறைகளாகக் கொழும்பிலேயே வாழ்பவர்களும் இருக்கிறார்கள். கொழும்பில் பிறந்த பிள்ளைகள் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து தனியொரு பேச்சு வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் புரியட்டும் என்று ஒரு பொதுத்தமிழில் வசனம் எழுதினால், மேடையில் நிற்பவர் எந்த ஊருக்கும் உரியவரல்லாமல் போய்விடுகிறார்.

யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சை நாடகத்துக்கு உரிய மொழியாக ஏற்கச் செய்த பெருமை பேராசிரியர் கணபதிப்பிள்ளைக்கு உரியது. அவருடைய 'நானாடகம்' வெளிவந்தது 1940இல். மேடையில் செந்தமிழே முழங்க வேண்டும் என்று கருதப்பட்ட காலத்தில் அது துணிச்சலான செயல். அவருக்குப் பின் ஈழத்துக் கவிஞர் 'மகாகவி', 'கோடை', 'புதியதொரு வீடு' ஆகிய பா நாடகங்களில் யாப்பையே பேச்சின் ஓசைக்கு வளைத்துக் காட்டினார்; தாசீசியஸின் நெறியாள்கையில் அவை மேடையேறின. பேச்சுத்தமிழா கவிதையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதற்கு அந்த நாடகங்களை விட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

என் ஆலோசனை இதுதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அவர் பிறந்த ஊர், கொழும்புக்கு வந்த வயது, யாரோடு எந்த மொழியில் கதைக்கிறார் என்பதை எழுதி வைத்துக்கொண்டு பிறகு வசனத்துக்குப் போங்கள். ஆறு வயதில் வந்தவரும் நாற்பது வயதில் வந்தவரும் ஒரே மாதிரிப் பேசமாட்டார்கள். பிரதியை அந்தந்த ஊர்க்காரர் ஒருவரிடம் சத்தமாக வாசிக்கக் கொடுங்கள்; நாக்கு தடுக்கும் இடத்தில் பிழை இருக்கிறது. நாவலில் கதைசொல்லியின் மொழியை எழுத்துத்தமிழாகவும் உரையாடலைப் பேச்சுத்தமிழாகவும் வைப்பது பெரும்பாலோர் பின்பற்றும் முறை, அதில் குறையில்லை.

திரைக்கு எழுதுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தமிழகப் படங்களைப் பார்த்தே வளர்ந்த நம் நடிகர்கள் கெமராவின் முன் நின்றதும், தம்மை அறியாமலே, அந்தப் படங்களின் தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள். 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி', செங்கை ஆழியானின் நாவலிலிருந்து எடுக்கப்பட்ட 'வாடைக்காற்று' (1978) போன்ற படங்கள் இன்றும் பேசப்படுவதற்கு, இந்த மண்ணின் பேச்சை அவை கைவிடாததும் ஒரு காரணம்.

பயிற்சியை எங்கே பெறலாம்?

பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் உயர்தரப் பாடமாகவே உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் தமிழில் அரங்கியல் கற்கலாம். கற்றோரின் பங்கு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும்: 1970களில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடக டிப்ளோமா கற்றுத் திரும்பிய குழந்தை ம. சண்முகலிங்கம், 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 1985இல் மேடையேறிய அவருடைய 'மண் சுமந்த மேனியர்' ஒரு தலைமுறையின் நாடகமாயிற்று.

கொழும்பில் இருப்பவர்களுக்குப் பட்டத்தை விட முக்கியமானது, சிங்கள நாடகங்களையும் ஆங்கில நாடகங்களையும் தவறாமல் பார்ப்பது. லயனல் வென்டும் மருதானை டவர் மண்டபமும் பஸ் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன.

இதைக் கொண்டு வாழ முடியுமா?

தமிழ் மேடையை மட்டும் நம்பி முடியாது. மண்டப வாடகை, ஒலி, ஒளி, உடை, ஒத்திகைக்கால உணவு, போக்குவரத்து ஆகியவற்றைக் கொடுத்து முடித்தபின் எழுதியவருக்கு எதுவும் மிஞ்சாத நாடகங்களே அதிகம். நம் முன்னோடிகளும் இதை அறிந்தே வாழ்ந்தார்கள். கந்தசாமி பத்திரிகையிலும் அரசாங்கத் தகவற் திணைக்களத்திலும் பணியாற்றினார். காவலூர் இராசதுரைக்கு வானொலியும் விளம்பரத்துறையும் கைகொடுத்தன. சண்முகலிங்கம் ஆசிரியராக இருந்தார். அந்தத் தொழில்கள் அவர்களுடைய எழுத்தைக் கெடுக்கவில்லை.

இன்று தொலைக்காட்சித் தொடர், விளம்பரப் பிரதி, ஆவணப்பட உரை, மொழிபெயர்ப்பு, பாடசாலை நாடகப் பயிற்சி ஆகியவற்றிலிருந்து ஓரளவு வருமானம் வரும். மூன்று மொழியும் எழுதத் தெரிந்தவருக்குக் கொழும்பில் வேலைக்குப் பஞ்சமில்லை. கவனமாக இருக்க வேண்டியது நேரத்தில்தான்: பகல் முழுவதும் வசனம் எழுதி விற்பவருக்கு இரவில் தமக்கென்று வசனம் எழுதும் தெம்பு இருப்பதில்லை. எழுத்தோடு தொடர்பே இல்லாத வேலையில் இருப்பவர்கள் சிலர் கூடுதலாக எழுதுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மேடையேற்றுவதற்கு முன் அனுமதி பெற வேண்டுமா?

ஆம். கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குக் காட்டும் நாடகத்தின் பிரதியை முன்கூட்டியே சமர்ப்பித்து அனுமதி பெறும் முறை, 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்றிலிருந்து வருகிறது. எல்லோரும் அதைத் தணிக்கைச் சபை என்றே அழைக்கிறார்கள். நுழைவுச்சீட்டு அச்சிடும் முன்னரே பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.

என் பிரதியின் உரிமை யாருக்கு? பதிவு செய்ய வேண்டுமா?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு தேவையில்லை. அது ஆசிரியரின் வாழ்நாளிலும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். நாடகத்தை நாவலாகவோ படமாகவோ மாற்றும் உரிமையும் அதில் அடங்கும்.

சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்தில் அந்த வேலையின் பகுதியாக எழுதியது, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே போகும். அதேபோல் படத்தின் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், தயாரிப்பாளருடையது. ஆயினும் படமாக்கப்பட்ட உங்கள் பழைய நாடகத்தையோ நாவலையோ தனியாகப் பயன்படுத்தும் உரிமை உங்களிடமே இருக்கும். ஆகவே எழுதிய பிறகல்ல, எழுதுவதற்கு முன்னர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும்: எந்த மொழிக்கு, எத்தனை ஆண்டுக்கு, மேடையேற்ற உரிமையும் நூலாக்கும் உரிமையும் யாருக்கு, பெயர் எங்கே வரும் என்பவை அதில் இருக்கட்டும். நண்பர்களுக்கு எழுதிக் கொடுக்கும்போது இதைக் கேட்பதற்கு நாம் கூச்சப்படுகிறோம். நட்பைக் காப்பதற்காகவே கேளுங்கள்.

நெறியாளர் என் வசனத்தை மாற்றினால்?

மேடையில் மாற்றம் உங்கள் சம்மதத்தோடு நடக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். அதே வேளை ஒத்திகைக்குப் போய் உட்காருங்கள், ஏனெனில் நடிகரின் வாயில் நிற்காத வரியை நீங்களே மாற்ற விரும்புவீர்கள். படத்தில் அப்படி வற்புறுத்துவதில் பயனில்லை. அங்கே பிரதி படப்பிடிப்பில் ஒரு முறையும் தொகுப்பில் ஒரு முறையும் மாறும். அதைத் தாங்க முடியாதவர்கள் நாவல் எழுதலாம். அங்கே கடைசிச் சொல் எழுதியவருடையது.

சிங்கள, ஆங்கில வாசகர்களை எப்படி எட்டுவது?

நேரடியாக ஆங்கிலத்தில் எழுதுவது, தமிழில் எழுதியதை மொழிபெயர்ப்பது என்ற இரண்டு வழிகளும் திறந்தே இருக்கின்றன. மைக்கேல் ஒண்டாச்சி 1992இல் ஏற்படுத்திய கிரேஷன் பரிசு, இலங்கையில் வாழ்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் படைப்புகளுக்கானது. நாடகப் பிரதிகளும் அதில் ஏற்கப்படுகின்றன. சிங்களத்திலிருந்தும் தமிழிலிருந்தும் ஆங்கிலத்துக்கு வரும் மொழிபெயர்ப்புகளுக்கு அதனோடு சேர்ந்த தனிப் பரிசு உண்டு. கொழும்பைக் களமாகக் கொண்ட ஷியாம் செல்வதுரையின் 'பனி போய்' (Funny Boy) என்ற ஆங்கில நாவல் 1994இல் வெளிவந்து, 2020இல் தீபா மேத்தாவின் படமாயிற்று; திரைக்கதையில் நாவலாசிரியரும் பங்கெடுத்தார். எதிர்த்திசையில், க. பாலேந்திராவின் நாடகக் குழுவான அவைக்காற்று கலைக் கழகம் 1978இல் இலங்கையில் தொடங்கி, பிறமொழி நாடகங்களைத் தமிழில் மேடையேற்றி, பின்னர் இலண்டனில் தொடர்ந்து இயங்கியது. பிறமொழி நாடகம் ஒன்றைத் தமிழாக்குவது, சொந்த நாடகம் எழுதத் தடுமாறும் காலத்தில் செய்யத்தக்க மிகச் சிறந்த பயிற்சி.

நாடகப் பிரதியை நூலாக அச்சிட வேண்டுமா?

கட்டாயம் அச்சிட வேண்டும். கொழும்பில் மேடையேறிய எத்தனையோ நாடகங்களின் பெயர்கள் மட்டுமே பழைய பத்திரிகை விமர்சனங்களில் மிஞ்சியிருக்கின்றன, பிரதிகள் இல்லை. இடப்பெயர்விலும் தீயிலும் போனவை ஒருபுறம், ஒரே கையெழுத்துப் பிரதியை நெறியாளரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறாததனால் போனவை மறுபுறம். 1983இல் எரிந்த கொழும்பு வீடுகளில் எத்தனை எழுத்தாளரின் பெட்டிகள் இருந்தன என்று நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

அச்சிடப் பணமில்லையென்றால் மின்பிரதியையாவது பாதுகாப்பாகக் கொடுத்து வையுங்கள். 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' என்ற இணையவழி எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் இதழ்களும் பேணப்படுகின்றன. அங்கே சேர்ந்த பிரதியை யாழ்ப்பாணத்து மாணவரும் டொரொன்டோவில் இருக்கும் நெறியாளரும் ஒருசேர வாசிக்கலாம். நூலாக்கும்போது வசனத்தோடு நிறுத்திவிடாமல், முதல் மேடையேற்றத்தின் நாள், மண்டபம், நடித்தவர்கள், ஒளியும் இசையும் அமைத்தவர்கள் ஆகிய விவரங்களையும், மேடையில் மாற்றிய வரிகளையும், மேடையமைப்பின் ஒரு வரைபடத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.